சபாபதி அடைத்து வைத்த இரண்டு காத்து

சபாபதிக்குத் தப்பு என்பதே வராது. இதற்கு அவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது என்றாலும், அவர் ஒருவரே பத்துப் பேருக்குச் சமமாகச் சாட்சி சொல்வார். ஒரு கல்யாணத்துக்குச் சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு போனபோது, தையற்காரன் துணியைத் திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டான் என்றார். ஒருநாள் கிள்ளான் ரயில் என்று நினைத்துச் சிரம்பான் ரயிலில் ஏறி, கடைசிவரை ஜம்மென்று உட்கார்ந்து போய்விட்டு வந்து, "அந்தப் பெட்டியோட ஆட்டம் சரியில்லன்னு பேச்சு. அதான் ஒரு நடை பாத்துட்டு வந்தேன்" என்றார். அவர் மனைவி மாரியாயி அன்று கொட்டுகிற மழையில் கிள்ளான் ஸ்டேஷனில் நாலு மணி நேரம் அவருக்காகக் குடையோடு நின்றிருந்தாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்!

செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பத்தோரு வருஷம் பெட்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்பிரிங் மாட்டியவர் அவர். கோயிலில் தேர் வந்தால் எல்லாரும் நிமிர்ந்து சாமியைப் பார்ப்பார்கள். சபாபதி குனிந்து அச்சைப் பார்ப்பார். ஸ்பிரிங்கைப் பற்றி முழுசாக, முதலிலிருந்து கடைசிவரை, யாரிடமாவது ஒரு தடவை பேசித் தீர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. கேட்கத்தான் ஆள் அமையவில்லை.

பென்ஷன் வாங்கிய வருஷம் ரொட்டிக் கம்பெனி ஒன்று கழித்துவிட்ட பழைய வேனை வாங்கி, கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் தன் வரிசை வீட்டுப் போர்ச்சில் நிறுத்தினார். எட்டு மாதம் தட்டினார். உள்ளே கட்டில் வந்தது, கேஸ் அடுப்பு வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைகூட வந்தது. எல்லாம் கேமரன் மலைக்காக. கல்யாணமான புதிதில் மாரியாயியைக் கூட்டிப் போகிறேன் என்று சொன்ன இடம். சொல்லி முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

1989 மார்ச்சில் இருவரும் கிளம்பினார்கள். மாரியாயி தன் பங்குக்கு அரிசி, பருப்பு, போர்வை, குளிருமே என்று ஒரு கரி அடுப்பு, அப்புறம் சட்னிக்கு இல்லாமல் எப்படி என்று தன் சின்ன அம்மிக்கல், இவ்வளவையும் ஏற்றினாள். மலையடிவாரத்துத் தாப்பாவுக்குள் நுழையும்போதே வேன் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டது. மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் பட்டை ஸ்பிரிங் 'டணார்' என்று முறிந்தது. புகைக்குழாய் ரோட்டில் இழுபட்டுப் பொறி பறந்தது.

சபாபதி என்ன செய்தார் தெரியுமா? மனைவியின் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் அடுக்கினார். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, அம்மிக்கல்லு! மலைக்கு அம்மிக்கல்லு கொண்டாறா! எந்த ஸ்பிரிங்கு தாங்கும்? இவளாலதான் எல்லாம்!" ஒரு மலாய்க்காரர் அம்மியைத் தூக்கிப் பார்த்து, "பெராட், பெராட்" என்று கனத்துக்குச் சாட்சி வேறு சொன்னார்.

மாரியாயி சாமான்களைத் திரும்ப வேனில் ஏற்றினாள். வேனை இழுத்துக்கொண்டு வந்த லோரி பிரிக்பீல்ட்ஸை நெருங்கியதும் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அம்மிக்கல்லையும் இறக்கிக்கொண்டாள். அங்கே ஒரு பிளாட்டின் மூன்றாவது மாடியில் அவளுடைய அக்கா சீதாலெட்சுமி குடியிருந்தாள். அம்மியோடு மூன்று மாடி ஏறியவள் பிறகு வீட்டுக்கு வரவே இல்லை.

ஒரு வாரம் போனது. சபாபதி பிஸ்கட்டும் முட்டையுமாகச் சாப்பிட்டார். வீடு வெறிச்சென்று இருந்தது. தனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் ஏன் போனாள் என்று ராப்பகலாக யோசித்து, பட்டறை மூளையைக் கசக்கி, ஒரு முடிவுக்கு வந்தார். வேன் இறங்கியதால் அவள் போனாள். வேன் ஏறினால் வந்துவிடுவாள். இதைவிடத் தெளிவான கணக்கு உண்டா என்று கேட்டார். கேட்டது சுவரைப் பார்த்து.

முறிந்த பட்டையை மாற்றினார். தினமும் மைத்துனிக்குப் போன் போட்டார்.

"அக்கா, பின்பக்கம் ரெண்டு இன்ச் தூக்கிட்டேன். மாரிகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன் தம்பி."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

இரண்டு இன்ச் பற்றாது போலிருக்கிறது என்று சபாபதி நினைத்துக்கொண்டார். பாருங்கள், மனுஷன் புத்தி எங்கே போகிறதென்று!

போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டும் அவருடைய சிநேகிதர் ஜெயராஜ்தான் வழி சொன்னார். "ஆஸ்திரேலியாவுல இந்த மாதிரி வேன் வெச்சிருக்கிறவங்க பின்னாடி ரெண்டு ரப்பர் பை மாட்டி, காத்து அடிச்சு வெச்சிக்கிறாங்க லா. ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் நடுவுல உக்காந்துக்கும். பாரம் கூடினா காத்தக் கூட்டிக்கலாம். ஸ்பிரிங்குக்கு ஒத்தாசை மாதிரி." கப்பலில் வேலை செய்யும் ஒருவர் மூலம் ஒரு மாதத்தில் சாமான் வந்தது. ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே தடித்த கறுப்பு ரப்பர் பைகள் இரண்டு, மடிப்பு மடிப்பாக. கூடவே இரும்புத் தாங்கிகள், போல்ட்டுகள், காற்றுப் போக மெல்லிய குழாய்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேனை ஜேக் வைத்துத் தூக்கி, கட்டைக்கு மேல் நிறுத்தி, அடியில் நுழைந்தார். சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. மறுநாள் மத்தியானம் இரண்டு பையும் மாட்டியாகிவிட்டது. காற்று அடிக்க டயர் வாய் மாதிரி இரண்டு வாய், நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பொருத்தினார். கட்டையை எடுத்துவிட்டு, கால்பம்பை வேனுக்கு அடியிலேயே இழுத்து வைத்துக்கொண்டு, படுத்த வாக்கில் கையாலேயே அமுக்கினார்.

எதிர்வீட்டுப் புஷ்பவல்லி அப்போதுதான் துணி காயப் போட வந்தாள். ஆள் இல்லாத வேனின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்புவதைப் பார்த்தாள். அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு குரல் கெஞ்சியது: "ஏறு... ஏறு ராஜா... வா, இன்னும் கொஞ்சம்... ஆங், போதும். அங்கயே நில்லு." வேன் நின்றது. புஷ்பவல்லி கையிலிருந்த பாவாடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணே... வேன்ல என்னாண்ணே?"

சபாபதி எண்ணெய் முகத்தோடு வெளியே வந்தார். ஸ்பிரிங் விஷயமாக ஒரு மனுஷி தானாக வந்து கேட்கிறாளே! அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"காத்து லா! ரெண்டு காத்து. எடதுபக்கம் ஒண்ணு, வலதுபக்கம் ஒண்ணு. ஆஸ்திரேலியாவுல இருந்து கப்பல்ல வந்துச்சு."

"கப்பல்லயா! உள்ளயா இருக்கு?"

"அடைச்சு வெச்சிருக்கேன்."

"தொந்தரவு பண்ணாதாண்ணே?"

"அடக்கி வெச்சா அது பாட்டுக்குக் கிடக்கும். அளவு மீறினாத்தான் ஆபத்து, வெடிச்சிரும்."

"எதுக்குண்ணே உங்களுக்கு இந்த வேல?"

சபாபதியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "எல்லாம் மாரியாயி திரும்பி வரணும்னுதான், புஷ்பா" என்றார்.

நம்மவர்களிடம் காத்து என்றால் டயருக்குள் இருப்பது மட்டும் அல்ல என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. ஸ்பிரிங் நினைப்பில் இருக்கிற மனுஷனுக்குப் பேய் நினைப்பு எங்கே வரப்போகிறது? புஷ்பவல்லிக்கு வந்தது. பொண்டாட்டியை வசியம் பண்ணி இழுக்க சீமையிலிருந்து இரண்டு காத்தை வரவழைத்து வேனில் கட்டி வைத்திருக்கிறார் சபாபதி என்று அன்று பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போர்ச்சுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். புதன்கிழமை இருபது பேர். சபாபதி அகமகிழ்ந்து போனார். முப்பத்தோரு வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் தேங்கிக் கிடந்த பேச்சு எல்லாம் மடை திறந்தது. ஸ்பிரிங் என்பது என்ன, அது ஏன் களைத்துப்போகிறது, காற்று ஏன் களைப்பதில்லை என்றெல்லாம் பிரசங்கம் செய்தார். யாரும் கொட்டாவி விடவில்லை. கைகட்டி நின்று கேட்டார்கள். காற்று அளக்கும் கருவியை வைத்து, "எடது பக்கம் நாப்பது பவுண்டு, வலது பக்கம் முப்பத்தஞ்சு" என்று அவர் படித்ததும் எல்லாரும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள். இவ்வளவு அக்கறையா என்று சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நாலு நம்பர் லாட்டரியில் 4035-க்கு ஆறுதல் பரிசு விழுந்தது. அடித்தது புஷ்பவல்லியின் புருஷன்!

அதற்குமேல் கேட்க வேண்டுமா? செந்தூலிலிருந்து ஆள் வந்தது, தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஷிப்ட் முடிந்த கையோடு ஆள் வந்தது. பின்சக்கரத்தில் எலுமிச்சம்பழம், மாலை, சுருட்டு. வண்டிக்குப் பூசை போடுகிறார்கள், நல்லதுதானே என்று சபாபதி நினைத்தார். ஒருவர் ஒரு பாட்டில் ஸ்டவுட் பீரை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். உழைத்தவனுக்கு மரியாதை என்று சபாபதி அதை எடுத்துக் குடித்தார். வெறும் பாட்டிலைப் பார்த்தவர்கள், "குடிச்சிருச்சு! முழுசாக் குடிச்சிருச்சு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸுக்குச் செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? இந்தத் தடவை சீதாலெட்சுமியே போன் செய்தாள். குரல் நடுங்கியது.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அத எடுத்துடுங்க."

"எதக்கா?"

"அந்தக் காத்த!"

"எடுக்க முடியாதுக்கா. போல்ட் போட்டு முறுக்கியாச்சு."

"அப்ப மாரியாயி அந்த வாசப்படி மிதிக்க மாட்டா!"

சபாபதி எழுந்து நின்றுவிட்டார். இவ்வளவு செய்தும் இப்படிச் சொல்கிறாளே! "அக்கா, காத்து இல்லாம நான் அவள எப்படிக்கா கூட்டியாறது? காத்துதான் அவளத் தூக்கிட்டு வரணும்!" என்று கதறினார். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் ஒரு டாக்சி வந்து நின்றது. முன்னால் இராமலிங்கம் பூசாரி இறங்கினார். காத்து கறுப்பு விரட்டுவதில் செந்தூலில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று பெயர். கையில் வேப்பிலை, இடுப்பில் உடுக்கை. பின்னால் சீதாலெட்சுமி, கழுத்தில் மூன்று தாயத்து. அவளுக்குப் பின்னால் மாரியாயி, கையில் துணிப்பை. இளைத்திருந்தாள்.

டாக்சி திரும்பும் சத்தம் கேட்டபோதே சபாபதி ஓடிப்போய், வேன் உயரம் மனைவி கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் எழுபது பவுண்டுக்கு ஏற்றியிருந்தார். வேன் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரும் ஆடு மாதிரி நின்றது. "மாரி! பாத்தியா உயரத்த!" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பூசாரி அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு உடுக்கையை அடித்தார். அதற்குள் கூட்டம் போர்ச்சைத் தாண்டி ரோட்டுவரை நிறைந்துவிட்டது.

"யார் நீ? எதுக்கு வந்த? பேரச் சொல்லு!"

"ஸ்ஸ்ஸ்ஸ்..." என்றது வேன்.

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. சபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான், அலாமாக், அப்போதுதான் அந்த மனுஷனுக்கு எல்லாம் விளங்கியது. எலுமிச்சம்பழம், சுருட்டு, ஸ்டவுட், சீதாலெட்சுமியின் நடுக்கம், எல்லாம். இரண்டு வாரமாக யாரும் ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்க வரவில்லை. அந்த வேதனை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தச் சத்தம். அது என்ன சத்தம் என்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"பேரச் சொல்லுன்னேன்!"

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

"'ச'னாவுல ஆரம்பிக்கிற பேரு!" என்று யாரோ கத்தினார்கள். "சரோஜா! கோடி வீட்டுச் சரோஜா!"

"ஏய், நான் உயிரோடத்தான் லா இருக்கேன்!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் கோபமாகச் சொன்னாள்.

"போறியா இல்லியா? இறங்கு! இந்த வண்டிய விட்டு இறங்கு!"

வேனின் இடது பக்கம் இறங்கியது. மெல்ல, மரியாதையாக, சொன்ன சொல் கேட்டு இறங்கியது. பூசாரியின் கை உடுக்கையோடு அப்படியே நின்றுவிட்டது. இருபது வருஷத் தொழிலில் எந்தக் காத்தும் அவர் பேச்சை இவ்வளவு சுருக்காகக் கேட்டதில்லை. பயத்தில் அவருக்கு வேர்த்து ஊற்றியது. "போ... போயிடுச்சும்மா" என்றார், குரல் வராமல்.

சீதாலெட்சுமி தங்கையின் முதுகைத் தடவினாள். "போயிடுச்சு மாரி! இனிப் பயமில்ல. உன் வீட்டுக்கு நீ போகலாம்."

அவ்வளவுதான். சபாபதி சும்மா இருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டால் பெண்டாட்டி வீட்டுக்குள் வந்துவிடுவாள், காரியம் முடிந்தது. பேய் மேல் பழியைப் போடலாம். பேய் வேண்டாம் என்றால் ஆஸ்திரேலியாக்காரன் இருக்கவே இருக்கிறான், ஜெயராஜ் இருக்கிறார். அவருடைய நாக்கு வழக்கம்போல ஆள் தேடிக் கிளம்பிவிட்டது.

மாரியாயி வேனைப் பார்க்கவில்லை, பூசாரியையும் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. இவர் இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று முப்பத்திரண்டு வருஷமாகத் தெரிந்த ஒருத்தி பார்க்கிற பார்வை. அந்த அலுப்பைப் பார்த்ததும் சபாபதியின் நாக்கு பாதி வழியில் திரும்பிவிட்டது.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "குழாய நேரா வெட்டணும். நான் குறட்டுல சாச்சு வெட்டிட்டேன். அதான் காத்து ஒழுகுது. என் தப்பு."

கூட்டத்துக்கு ஏமாற்றம். யாரோ, "அப்ப நம்பரு?" என்றார்கள். சபாபதி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்கவே முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"தாப்பாவுலயும் என் தப்புதான், மாரி. அந்தப் பட்டை விரிசல் விட்டிருந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடியே நான் பாத்தேன். தாங்கும்னு விட்டுட்டேன். உன் அம்மிக்கல்லு இல்லாட்டியும் முறிஞ்சிருக்கும். அத்தன பேருக்கு முன்னாடி உன்னச் சொன்னேன்."

சீதாலெட்சுமி வாயைப் பிளந்தாள். பூசாரி மெதுவாக உடுக்கையை இடுப்பில் சொருகிக்கொண்டார். அவருக்கு இங்கே இனி வேலை இல்லை என்பது அவருக்கே புரிந்துவிட்டது.

மாரியாயி துணிப்பையோடு வீட்டுக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சபாபதி நின்ற இடத்திலேயே நின்றார். அவள் அழுகிறாளோ, முகம் கழுவுகிறாளோ, மீதித் துணியையும் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தாளோ, ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்தவள் கையில் ஒரு பேசின் நிறையச் சவுக்காரத் தண்ணீரும் பழைய துணியும் இருந்தன. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"எடது" என்றார் சபாபதி.

அத்தனை பேர் பார்க்க, ஐம்பது தாண்டிய அந்தப் பொம்பளை மல்லாந்து படுத்து வேனுக்கு அடியில் நகர்ந்தாள். அவரும் மறுபக்கத்திலிருந்து நுழைந்தார். துணியைப் பிழிந்து குழாய் நெடுகத் தடவிக்கொண்டே போனாள். ஒரு மூட்டில் நுரை குமிழ் குமிழாகப் புடைத்துக்கொண்டு வந்தது.

"இந்தா, இங்க" என்றாள் மாரியாயி. "கத்தியக் குடுங்க. நான் வெட்டுறேன்."

சபாபதி கத்தியைக் கொடுத்துவிட்டு, குழாய் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.